ஆட்டின் ஆஸுக்குப் பதினெட்டு வயது

ஆட்டினில், அதாவது சிவப்பு இதயச் சின்னத்தில், ஐந்து சீட்டுகள் கையில் நிற்கின்றன: ஆஸ், ராஜா, ஒன்பது, ஆறு, நான்கு. ஆஸுக்குப் பதினொன்று, ராஜாவுக்குப் பத்து, மற்றவற்றுக்கு அவற்றின் எண், கூட்டினால் 40. ஐந்தும் ஆட்டினாகச் சேர்ந்ததற்கு 35. ஆக 75. அந்தச் சேர்க்கைக்குரிய நான்கால் அதைப் பெருக்கினால் 300. பலாட்ரோ விளையாட்டில் முதல் தடையைத் தாண்டுவதற்கு வேண்டிய புள்ளியும் சரியாக 300தான். நூறு மணி நேரத்துக்கு மேல் அதை ஆடியிருக்கிறேன். ஒரு புள்ளி கூடாமல் குறையாமல் இப்படி அமைந்தது ஒரே ஒரு முறை. எண் உருண்டு உருண்டு வந்து 300-ல் நின்றபோது, யாருமில்லாத வீட்டில் தனியாகக் கைதட்டினேன்.

2024 பிப்ரவரியில் வெளியான இந்த விளையாட்டைச் செய்தவர் கனடாக்காரர். ஒற்றை ஆள். சொந்தப் பெயரை வெளியில் சொல்லாமல் லோக்கல்தங்க் என்ற புனைபெயரிலேயே இருப்பவர். போக்கர் சீட்டுச் சேர்க்கைகளை எடுத்துக்கொண்டு, 150 ஜோக்கர்களை உள்ளே விட்டு, விதிகளையே வளைத்து விளையாடும்படி செய்திருக்கிறார். ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால் போதும். அதற்குப் பிறகு அது உங்களிடம் ஒரு பைசா கேட்காது. உள்ளே ஒரு கடை உண்டு. அங்கே செல்லுவது ஆட்டத்தில் சம்பாதித்த பொய்க்காசு மட்டும்.

ஐரோப்பாவில் விளையாட்டுகளுக்கு வயது முத்திரை குத்தும் பெகி அமைப்பு இதற்குக் குத்திய முத்திரை 18. காரணம், போக்கரில் எந்தச் சேர்க்கை எதைவிடப் பெரியது என்பதை இது கற்றுக்கொடுத்துவிடுகிறதாம். அதே அமைப்பு எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் கால்பந்து விளையாட்டுக்கு அப்போது குத்தியிருந்த முத்திரை 3. அந்த விளையாட்டில் உண்மையான பணத்தைக் கொட்டி, உள்ளே எந்த ஆட்டக்காரர் இருக்கிறார் என்று தெரியாத உறைகளைப் பிரிக்கலாம். மெஸ்ஸி கிடைத்தாலும் கிடைப்பார், மூன்றாம் நிலைக் கழகத்தின் மாற்று ஆட்டக்காரர் கிடைத்தாலும் கிடைப்பார். ஆனால் உறைக்குள் இருப்பது கால்பந்து வீரரின் படம். ஆட்டின் ஆஸ் அல்ல. ஆகவே மூன்று வயதுக் குழந்தைக்கும் ஏற்றது. 2024 டிசம்பரில் லோக்கல்தங்க் இதை வெளிப்படையாகக் கிண்டலடித்தார். மேல்முறையீட்டுக்குப் பிறகு, 2025 பிப்ரவரியில் 18 என்பது 12 ஆனது. கால்பந்தின் மூன்று மூன்றாகவே நின்றது.

இந்த ஒரு கதையை வைத்துக்கொண்டு நான் பல மாதங்களாக நண்பர்களைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறேன். அரசுகளும் தர அமைப்புகளும் நீதிமன்றங்களும் சூதாட்டத்தைத் தேடும்போது சீட்டுக்கட்டின் படத்தைத்தான் தேடுகின்றன. தூண்டில் எங்கே இருக்கிறது, அதை எவன் பிடித்திருக்கிறான் என்று பார்ப்பதில்லை. என் ஆத்திரம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

எங்கள் தெரு முனைப் பெட்டிக்கடையில் ஒரு பிரைஸ் அட்டை தொங்கும். வரிசை வரிசையாக மடித்து ஒட்டிய சீட்டுகள். நாலணா கொடுத்தால் ஒன்றைக் கிழிக்கலாம். உள்ளே எண் இருந்தால் அட்டையின் மேலே கட்டியிருக்கும் அந்த எண்ணுக்குரிய பொருள்: பலூன், விசில், மோதிரம், எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கைக்கடிகாரம். அந்தக் கைக்கடிகாரத்தை யாரும் வாங்கிப் பார்த்ததில்லை. அது தொங்கினால்தான் அட்டை விற்கும் என்பது கடைக்காரருக்குத் தெரியும். அட்டையில் கடைசி நான்கைந்து சீட்டுகள் மிச்சமிருக்கும்போது கடிகாரம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால் எங்கள் கூட்டத்துக்குப் பைத்தியமே பிடித்துவிடும். ஒருநாள் காசைத் திரட்டிக்கொண்டு ஓடினோம். கடைக்காரர் அந்த அட்டையை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டியிருந்தார். புதிய அட்டையின் நடுவிலும் அதே கடிகாரம்.

பெரியவர்களுக்கு லாட்டரி இருந்தது. 1968-ல் தமிழக அரசே பரிசுச் சீட்டு நடத்தத் தொடங்கியது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற வாசகம் அந்தத் தலைமுறைக்கு மனப்பாடம். 2003-ல் இங்கே லாட்டரியைத் தடை செய்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் அரசே இன்றும் விற்கிறது. எங்கள் தலைமுறைக்கு வந்த சீட்டில் அந்த வாசகத்தின் பிற்பாதியும் போய்விட்டது. விழாவிட்டால் கம்பெனிக்கு, விழுந்தாலும் கம்பெனிக்குத்தான், ஏனென்றால் விழுவது ஒரு படம்.

இனி என் கதை. 2021 மே மாதம், இரண்டாவது ஊரடங்கு. ஒரு கைபேசி விளையாட்டு; பெயர் வேண்டாம், அந்த நாள்களில் ஆடியவர்களுக்குப் புரியும் வகையைச் சேர்ந்தது. இலவசம்தான். ஓவியம் அழகு, இசை அதைவிட அழகு. புதிய கதாபாத்திரம் வேண்டுமென்றால் ஒரு கதவைத் தட்ட வேண்டும். கதவு மெல்லத் திறக்கும். இடுக்கு வழியாக ஒளி வரும். நீலமென்றால் ஒன்றுமில்லை, ஊதா என்றால் பரவாயில்லை, பொன்னிறம் என்றால் நினைத்தது வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, திறக்கும்போது முதலில் எப்போதும் நீலம்தான் தெரியும். அரை நொடி கழித்துத்தான் அது ஊதாவாகவோ பொன்னாகவோ மாறும், அல்லது மாறாமலே போகும். என்ன விழப்போகிறது என்பதைத் தட்டிய கணத்திலேயே கணிப்பொறி முடிவு செய்துவிட்டது. அந்த அரை நொடி எனக்காக மட்டும் செய்யப்பட்டது. யாரோ ஒரு வடிவமைப்பாளர் எங்கோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, கால் நொடி வைத்துப் பார்த்து, முக்கால் நொடி வைத்துப் பார்த்து, கடைசியில் அரை நொடியில் நிறுத்தியிருப்பார். தொழில் தெரிந்தவர்.

முதலில் 79 ரூபாய். டீயும் வடையும் என்று சமாதானம். இரவு இரண்டு மணியைத் தாண்டியபோது 71 கதவுகள் திறந்திருந்தேன். தொண்ணூறுக்குள் பொன்னிறம் உறுதி என்று அந்த விளையாட்டே வாக்குக் கொடுத்திருந்தது. இன்னும் பத்தொன்பது. பாதிக் கிணறு தாண்டியவன்கூட யோசிப்பான், நான் முக்கால் கிணறு தாண்டியிருந்தேன். 84-வது கதவில் நீலம் மங்கிப் பொன் பரவியது. மனைவி எழுந்துவிடக் கூடாதே என்று கட்டிலின் ஓரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவு முழுதாகத் திறந்தது. வேறு கதாபாத்திரம்.

உறுதி என்றால் பொன்னிறத்துக்கு உறுதி. நாம் கேட்ட ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். இந்த முறை தவறியதால் அடுத்த பொன்னிறத்தில் நிச்சயம் அவர்தான் என்றும் அதே சின்ன எழுத்து சொன்னது. விடியும்போது வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்திகளைக் கூட்டிப் பார்த்தேன்: 7,400 ரூபாய் சொச்சம். கேட்ட ஆள் கிடைத்தார். இரண்டு வாரம் அவரை வைத்து ஆடினேன். இன்று அவர் பெயர் நினைவில்லை. வாள் வைத்திருந்தார்.

காலையில் மனைவியிடம் மறைக்க முடியவில்லை. “ஏங்க, ஏழாயிரத்துக்கு என்னதான் வாங்கினீர்கள்?” என்று கேட்டாள். கைபேசியை நீட்டிக் காட்டினேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, “முடி நன்றாக இருக்கிறது,” என்றாள். அதைவிடப் பெரிய திட்டு நான் வாங்கியதில்லை.

பிறகுதான் இந்த எந்திரத்தைத் திருகுதிருகாகக் கழற்றிப் பார்க்கத் தொடங்கினேன். இவ்வகையில் உலகம் முழுக்கத் தெரிந்த கென்ஷின் இம்பாக்ட்டை எடுத்துக்கொள்கிறேன். அதன் கணக்குகள் ஊரறிந்தவை. அங்கே ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் ஒரு முயற்சியில் கிடைக்கும் வாய்ப்பு 0.6 சதவீதம். வெறுமனே அதை நம்பினால் சராசரியாக 167 முறை முயல வேண்டும். 90-ல் உறுதி என்று ஒரு வேலி போட்டிருக்கிறார்கள். இதை ஆட்டக்காரர்கள் கருணை என்றே அழைக்கிறார்கள். என் அனுபவத்தில் அந்தக் கருணைதான் கழுத்தைப் பிடிக்கும் கை. வேலி இல்லாவிட்டால் 40-ல் எழுந்து போயிருப்பேன். 71-ல் எழுந்து போக எவனுக்கும் மனம் வராது.

அடுத்தது காசு மாற்றும் கலை. ஒரு முயற்சிக்கு வேண்டியது 160 கற்கள். விற்பனைக்கு வைத்திருக்கும் மிகச் சிறிய பொட்டலத்தில் இருப்பது 60. அடுத்தது 300, அதற்கடுத்தது 980. இந்த மூன்றில் எதை வாங்கினாலும் 160-ன் கணக்கில் சரியாக முடியாமல் கொஞ்சம் மிஞ்சும் அல்லது கொஞ்சம் குறையும். மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல் இன்னொரு பொட்டலம். அதோடு பணம் நேராகக் கல்லாக ஆகாது. ஒரு பளிங்காகி, பளிங்கு கல்லாகி, கல் விதியாகி, விதிதான் கதவைத் தட்டும். மூன்றாவது மாற்றத்தில் ரூபாய் என்ற நினைப்பே போய்விடும். சூதாட்ட விடுதிகளில் நோட்டை வாங்கிக்கொண்டு வண்ண வில்லைகளைக் கொடுப்பது எதற்காகவோ, இதுவும் அதற்காகவே.

அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் அந்த விளையாட்டின் நிறுவனத்தோடு 2 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டபோது சொன்ன குற்றச்சாட்டுகளில் இந்தக் குழப்படி நாணயங்களும் ஒன்று. பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதமில்லாமல் அதிர்ஷ்டப் பெட்டி, அதாவது உள்ளே என்ன என்று தெரியாமல் வாங்கும் பெட்டி, விற்கக் கூடாது, வாய்ப்பு விகிதத்தையும் மாற்று விகிதத்தையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், நேரடியாக நிஜப் பணத்திலும் வாங்க வழி வைக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள். அதே ஆணையம் 2022 டிசம்பரில் எபிக் கேம்ஸ் நிறுவனத்திடம், ஃபோர்ட்நைட் விளையாட்டில் பொத்தான்களைக் குழப்பமாக வைத்து வாங்க வைத்ததற்காக மட்டும் 24.5 கோடி டாலரை ஆட்டக்காரர்களுக்குத் திருப்பித் தரச் சொல்லியது. உறங்கும் திரையை எழுப்ப ஒரு பொத்தானை அழுத்தினால்கூடக் காசு போயிற்றாம். இந்த இரண்டு வழக்கிலும் எனக்குப் பிடித்தது, யாரும் ‘இது திறமையா அதிர்ஷ்டமா’ என்று கேட்கவில்லை. பொத்தான் எங்கே இருந்தது என்று கேட்டார்கள்.

நம்மூரில் அரை நூற்றாண்டாக அந்த முதல் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் ரம்மி ஆடியவர்களைக் காவல்துறை பிடித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1967-ல் தீர்ப்பு: ரம்மி, மூன்று சீட்டு போல முழுக்க அதிர்ஷ்டத்தை நம்பிய ஆட்டமில்லை, விழும் சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதை எறிவது என்பதில் திறமை வேண்டும். நியாயமான தீர்ப்பு. கல்யாண வீட்டு மொட்டை மாடியில் என் பெரியப்பா ஜமக்காளத்தில் சம்மணமிட்டு ஆடுவதைப் பார்த்தவன் நான். எதிராளி இரண்டு சுற்றுக்கு முன்பு எறிந்த கிளாவர் ஏழு அவருக்கு நினைவிருக்கும். காலையில் முகூர்த்த நேரம்தான் நினைவிருக்காது.

ஆனால் 1967-ன் நீதிபதிகள் பார்த்த ரம்மியில் சீட்டைக் கலைப்பவனும் உட்கார்ந்து ஆடுபவன்தான். விடிந்தால் கூட்டம் கலையும். பணம் தீர்ந்தவன் எழுந்து போவான், அல்லது அண்ணன் வந்து சட்டையைப் பிடித்து இழுத்துப் போவான். 2025 வரை இருந்த கைபேசி ரம்மியில் ஆட்டம் முடிந்த மறுகணம் அடுத்த மேசை தயார். எழுந்து போனவனுக்கு மறுநாள் ‘உங்களுக்காக 500 ரூபாய் காத்திருக்கிறது’ என்று செய்தி வரும். விளம்பரத்தில் நடிகர் சிரித்துப் பேசி முடித்ததும், இதில் நிதி அபாயம் உண்டு, அடிமையாக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை ஒரே மூச்சில், மந்திரம் ஓதும் வேகத்தில் ஒருவர் படித்துத் தீர்ப்பார். கையில் உள்ள பதின்மூன்று சீட்டை அடுக்குவதில் திறமை இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தச் சீட்டைச் சுற்றி அடுக்கியிருக்கும் மற்ற எல்லாவற்றிலும் திறமை கம்பெனியுடையது.

தமிழ்நாட்டில் பணம் இழந்தவர்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் வந்துகொண்டே இருந்தன. இணையச் சூதாட்டத்தைத் தடுக்க 2020-ல் அவசரச் சட்டம், 2021-ல் சட்டம். அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து. 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு, மறுபடி அவசரச் சட்டம், மசோதா. ஆளுநர் அதை வைத்திருந்து 2023 மார்ச்சில் திருப்பி அனுப்ப, பேரவை மீண்டும் நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல். நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அவற்றைத் தடை செய்த பட்டியலை மட்டும் எடுத்துவிட்டது. வலையைப் பின்னிக் கொடுத்தார்கள், மீனை எடுத்துக் கடலில் விட்டார்கள்.

இங்கே நம் அரசுக்கு ஒரு சபாஷ் சொல்ல வேண்டும், நான் அடிக்கடி சொல்லுபவன் அல்ல. 2025 பிப்ரவரியில் வந்த ஒழுங்குமுறை விதிகள் தடை என்ற சொல்லை விட்டுவிட்டு ஆட்டத்தின் உடம்பில் கை வைத்தன. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஆடினால் அரை மணிக்கு ஒருமுறை எச்சரிக்கை திரையில் எழ வேண்டும். ஜூன் மாதம் உயர் நீதிமன்றமும் இதை ஏற்றது. முரட்டு வைத்தியம்தான், ஆனால் அண்ணன் வந்து சட்டையைப் பிடித்து இழுக்கும் வேலையை யாராவது செய்ய வேண்டும் என்று முதன்முதலாகப் புரிந்துகொண்ட விதி. இரவு இரண்டு மணிக்குக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஐந்து மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. ஆதாரைக் கட்டாயமாக்கியது மட்டும் கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்த கதை. ஏற்கனவே பர்ஸைப் பார்த்துவிட்டவனிடம் அடையாளத்தையும் கொடுப்பானேன்?

அந்த விதிகளின் பலனைப் பார்க்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. 2025 ஆகஸ்ட் 20-ல் மக்களவை, 21-ல் மாநிலங்களவை, 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் என்று மூன்றே நாளில் மத்தியச் சட்டம் வந்து, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றையும் மூடியது. திறமையோ அதிர்ஷ்டமோ இரண்டுமோ, எதுவாக இருந்தாலும் தடை. நடத்தினால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் இருந்த டிரீம்11 பெயர் போய், செப்டம்பரில் ஆசியக் கோப்பையை வெறும் சட்டையோடு ஆடினார்கள். இரண்டே ஆண்டுக்கு முன்பு, 2023 அக்டோபரில், இதே ஆட்டங்களில் போடும் முழுத் தொகைக்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி விதித்திருந்தார்கள். வரி வாங்கும்வரை தொழில், வழக்கு முற்றியதும் பாவம். சட்டத்தை எதிர்த்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடம் எடுத்துக்கொண்டிருக்கிறது.

திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய பஞ்சாயத்தை ஒரே வரியில் மூடியது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் குறி வைப்பது பணம் போட்டுப் பணம் எதிர்பார்க்கும் ஆட்டத்தை. என் கதவு? நான் பணம் போட்டேன். வந்தது முடி நன்றாக இருக்கும் ஒரு படம். அதை விற்க முடியாது, மாற்ற முடியாது, கடைசியில் அந்த விளையாட்டுக்கே உரிமையானது. சட்டத்தின் சொற்களை இழுத்துப் பிடித்தால் இதையும் உள்ளே கொண்டுவரலாம் என்று வழக்கறிஞர்கள் வாதிடக்கூடும். நடைமுறையில் யாரும் தொடவில்லை. ஜெயித்தால் எதையாவது கொடுக்கும் ஆட்டம் குற்றம், ஜெயித்தாலும் ஒன்றும் கொடுக்காத ஆட்டம் பொழுதுபோக்கு என்று ஆகிவிட்டது.

ஐரோப்பாவில் இதே கூத்து வேறு மேடையில் நடந்தது. 2018-ல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் பணம் கொடுத்துத் திறக்கும் பெட்டிகள் சூதாட்டமே என்றது. 2019 ஜனவரி இறுதியில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அங்கே தன் கால்பந்துப் புள்ளிகளை விற்பதை நிறுத்தியது. அதே ஆண்டு ஜூனில் பிரிட்டன் நாடாளுமன்றக் குழுவின் முன் அதே நிறுவனத்தின் அதிகாரி ஒருவர், இவற்றை நாங்கள் பெட்டி என்று சொல்வதில்லை, ‘ஆச்சரிய அம்சம்’ என்றே சொல்கிறோம் என்று விளக்கினார். உள்ளே பொம்மை வைத்த சாக்லெட் முட்டையையும் துணைக்கு அழைத்தார். எங்கள் பெட்டிக்கடைக்காரருக்கு இந்த வார்த்தை தெரியாமல் போயிற்று. அதே நிறுவனத்துக்கு நெதர்லாந்து போட்ட ஒரு கோடி யூரோ அபராதத்தை 2022 மார்ச்சில் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் காரணத்தைப் படித்தபோது எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது: உறை பிரிப்பது தனி ஆட்டமில்லை, திறமை சார்ந்த பெரிய கால்பந்து ஆட்டத்தின் ஒரு பகுதி. செகந்திராபாத்துக்கும் ஹேக் நகரத்துக்கும் நடுவே அரை நூற்றாண்டு, ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. கைகொடுப்பது அதே திறமை.

அந்த ஒரு பகுதி எவ்வளவு பெரியது? 2021-ல் முடிந்த நிதியாண்டில் இந்த வகை ஆட்டமுறையிலிருந்து மட்டும் நிறுவனத்துக்கு வந்தது 162 கோடி டாலர், மொத்த வருமானத்தில் 29 சதவீதம். 2025 செப்டம்பரில் சவுதி அரசின் முதலீட்டு நிதியும், டிரம்ப்பின் மருமகன் குஷ்னரின் நிறுவனமும், இன்னொரு முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து எலக்ட்ரானிக் ஆர்ட்ஸை 5,500 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவிப்பு வந்தது. கால்பந்து மேல் உள்ள காதல் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பெல்ஜியத் தடையும் ஏட்டுச் சுரைக்காய்தான். 2022-ல் ஓர் ஆய்வு அங்கே அதிகம் சம்பாதிக்கும் 100 ஐபோன் விளையாட்டுகளைப் பார்த்தபோது 82-ல் ஏதோ ஒரு வடிவில் அதிர்ஷ்டப் பெட்டி இருந்தது. சட்டத்துக்குப் பதில் சொல்லும் விதத்தில் நான் கண்ட மிகச் சிறந்த குறும்பு பிரான்சில் நடந்தது. கவுன்டர்-ஸ்டிரைக் விளையாட்டில் பெட்டிக்குச் சாவி 2.49 டாலர். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்குவதுதான் குறை என்றால், 2019-ல் வால்வ் நிறுவனம் அங்கே ஓர் எக்ஸ்ரே கருவி வைத்தது. பெட்டியை உள்ளே வைத்துப் பார்க்கலாம், அதற்குப் பணமில்லை. பார்த்த பொருளை வாங்கினால்தான் அடுத்த பெட்டியைப் பார்க்க முடியும். புரிகிறதா? நீங்கள் இப்போது வாங்குவது தெரிந்த பொருள். பணம் கொடுப்பதோ அடுத்த தெரியாத பெட்டிக்கு. சூது ஒரு படி நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. கோபம் வருவதற்கு முன் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பப்ஜியைப் பற்றியும் இரண்டு வரி. 2020 செப்டம்பரில் நாட்டின் இறையாண்மை என்று சொல்லி அதைத் தடை செய்தார்கள். கொரிய நிறுவனம் 2021-ல் இந்தியப் பெயர் சூட்டிக் கொண்டுவந்தது, 2022-ல் மறுபடி தடுத்தார்கள், 2023-ல் மறுபடி விட்டார்கள். அப்போது வைத்த வரம்பு, பதினெட்டு வயதுக்குக் கீழே நாளுக்கு மூன்று மணி நேரம், மற்றவர்களுக்கு ஆறு. சீனாவுடன் எல்லைப் பிரச்சினை வந்தபோது கண்ணில் பட்ட விளையாட்டு, தரவு எங்கே போகிறது என்று சோதித்த விளையாட்டு. உள்ளே இருந்த பெட்டிகளை மட்டும் யாரும் திறந்து பார்க்கவில்லை, ஆடியவர்களைத் தவிர.

என்னைக் கேட்டால், எவரும் கேட்கப்போவதில்லை, தடைகளைவிடச் சில்லறைத் தொந்தரவுகள் போதும். கல்லும் பளிங்கும் வேண்டாம், விலையை ரூபாயில் போடு. இந்த மாதம் இதுவரை எவ்வளவு செலவழித்தாய் என்பதைக் கதவின் மேலேயே எழுது, அந்த ஒளி வரும் இடுக்குக்குப் பக்கத்தில். அரை நொடியை எடுத்துவிடு. இதில் எதையும் கம்பெனிகள் தாமாகச் செய்யமாட்டா என்பதற்கு ஒரே சான்று, இதைச் செய்ய ஒரு பொறியாளருக்கு ஒரு மாலை போதும், இத்தனை ஆண்டுகளாக அந்த மாலை வரவில்லை.

பலாட்ரோவையும் நான் சாமியாக்கவில்லை. அதுவும் விடாது; சோறு ஆறிப்போகும். எண் உருளும் ஓசையும் சீட்டு நடுங்கும் அசைவும் எந்தச் சூதாட்ட விடுதிக்கும் சளைத்தவை இல்லை. அதைச் செய்தவருக்கே அது தெரியும் போலிருக்கிறது. எந்தச் சூதாட்ட நிறுவனத்துக்கும் இந்த விளையாட்டின் உரிமையை விற்கவோ கொடுக்கவோ கூடாது என்று தன் உயிலிலேயே எழுதிவைத்துவிட்டதாக 2024-ல் சொன்னார். உயில் எழுதிப் பூட்டும் அளவுக்குத் தன் கைவேலையைக் கண்டு பயந்தவரை எனக்குப் பிடிக்கிறது.

கடந்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கைபேசியைப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். எழுபத்து நான்கு வயது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, “எத்தனை சீட்டுடா?” என்றார். எட்டு என்றேன். “ஜோக்கர் எது?” நூற்றைம்பது இருக்கிறது என்றேன். நான் பைத்தியமா என்பது போலப் பார்த்துவிட்டு ஆடத் தொடங்கினார். முதல் தடையைத் தாண்டினார், இரண்டாவதையும். மூன்றாவதில் தோற்றார். மறுபடி தொடங்கினார். இரவு சாப்பாட்டுக்குப் பெரியம்மா இரண்டு முறை கூப்பிட்டாள்.

“இதில் எவ்வளவு போட்டிருக்கிறாய்?” என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“ஒருமுறை விலை கொடுத்து வாங்கியதோடு சரி, பெரியப்பா.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒன்றும் கிடையாது.”

இஸ்பேடில் ஐந்து சேர்த்துப் போட்டார். எண் உருண்டது. “பணம் வைக்காமல் ஆடினால் சீட்டுக்கு மரியாதை இருக்காதுடா,” என்றார். பிறகு, “அந்தச் சார்ஜரை எடு, ஆறு சதவீதம் காட்டுகிறது,” என்றார். மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது.